லேசர் சில நிமிடம்தான், அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் நெருங்கினாலே பத்திரிகைகளிலும் பேருந்துகளின் முதுகிலும் கண்ணாடியை விடவைக்கும் லேசர் சிகிச்சைக்கு ஒரு விளம்பரம் தவறாமல் வந்துவிடுகிறது. கண்ணாடி போட்ட ஒரு பெண், பக்கத்திலேயே கண்ணாடி இல்லாமல் சிரிக்கும் அதே பெண், கீழே "பத்தே நிமிடம், வலி இல்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம்" என்கிற மாதிரி நான்கு வார்த்தை. பொய் என்று சொல்ல மாட்டேன். லேசர் கண்ணில் விழுவது உண்மையிலேயே ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் நடக்க வேண்டிய பரிசோதனைகள், அதற்குப் பின்னால் கண் ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் வாரங்கள், மாதங்கள், இதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஆறாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. கல்லூரி முடிக்கும்போது இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறைத் தாண்டிவிட்டது, கூடவே கொஞ்சம் சிலிண்டர் பவர். காலையில் எழுந்தால் கண்ணாடியைத் தேடுவதற்கே கண்ணாடி வேண்டும் என்கிற நிலை. செய்முறைத் தேர்வு நாட்களில் சோதனைக்குழாயைச் சூடுபடுத்தும்போது கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிடும், முப்பது பிள்ளைகள் ஆசிட் பாட்டிலோடு நிற்கிற அறையில் அந்த சில நொடிகள் எதுவும் தெரியாமல் நிற்பது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அழகுக்காக இல்லை, அந்தப் பயத்துக்காகத்தான் லேசர் செய்துகொண்டேன். சில வருடங்கள் ஆகிவிட்டன, நன்றாக இருக்கிறேன், செய்த மருத்துவர்களுக்கு இன்றைக்கும் மனதார நன்றி சொல்கிறேன். ஆகவே இது யாரையும் பயமுறுத்த எழுதும் கடிதம் இல்லை.

முதலில் பரிசோதனை. மதுரையில் நான் போன மருத்துவமனையில் காலையில் போனவள் வெளியே வர மாலையாகிவிட்டது. பவர் பார்த்தார்கள், கருவிழியின் (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம், கார்னியா என்பார்கள்) தடிமனை அளந்தார்கள், கருவிழியின் முன்பக்கமும் பின்பக்கமும் எப்படி வளைந்திருக்கிறது என்று வண்ண வரைபடமாக எடுத்தார்கள். கீழ் இமைக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வைத்து, அது எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்த்தார்கள். கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது. இருட்டறையில் பாவை எவ்வளவு விரிகிறது, கண்ணின் அழுத்தம் எவ்வளவு, எல்லாம் பார்த்து, கடைசியாக மருந்து ஊற்றி உட்கார வைத்து, விழித்திரையின் ஓரம் வரைக்கும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். மைனஸ் பவர் அதிகமாக உள்ளவர்களின் கண் நீளமாக இருக்கும், விழித்திரை இழுபட்டு ஓரங்களில் மெலிந்திருக்கலாம், ஓட்டைகூட இருக்கலாம். அப்படி இருந்தால் முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் மற்றது.

இதில் என் கதையைத் தீர்மானித்தது அந்தத் தடிமன் கணக்குதான். சராசரியாகக் கருவிழியின் நடுப்பகுதி 540 மைக்ரான் அளவில் இருக்கும், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எனக்கு 490ஐ ஒட்டித்தான் இருந்தது. லாசிக் என்றால் கருவிழியின் மேல்பக்கத்தில் 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் ஒரு மடலை அறுத்துத் தூக்கி, அதற்கு அடியில் லேசரைப் பாய்ச்சி, மடலைத் திரும்பப் படிய வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு பவருக்கும் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் திசுவை லேசர் எடுத்துவிடும். என் பவருக்கு மடலும் போய், லேசர் எடுப்பதும் போய், மீதி இருப்பது குறைவு. அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது தொடாமல் மிஞ்ச வேண்டும், 300 இருந்தால் நிம்மதி என்று அந்த மருத்துவர் ஒரு தாளில் கூட்டிக் கழித்துக் காட்டினார். "உங்களுக்கு மடல் வேண்டாம்மா, மேலாகச் செய்கிற பி.ஆர்.கே. செய்யலாம். வலி அதிகம், பார்வை வர நாளாகும், ஆனால் உங்கள் கண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு" என்றார். எனக்கு அந்த மனிதர் மேல் நம்பிக்கை வந்தது அந்தத் தாளைப் பார்த்துதான். கழித்தல் கணக்குதானே, எந்த நோயாளிக்கும் புரியும். எல்லா இடத்திலும் ஏன் இதை உட்கார வைத்துச் சொல்லக் கூடாது?

சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரத்துப்போக சொட்டு மருந்து விடுவார்கள், இமை மூடாமல் இருக்க ஒரு கிளிப், மேலே மினுக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள், லேசான ஒரு கரகர சத்தம், முடி கருகுகிற மாதிரி ஒரு வாசனை. அந்த வாசனைக்குப் பலர் பயந்துவிடுகிறார்கள், கண் எரிகிறதோ என்று. எரிவதே இல்லை. வேதியியல் வாத்தியார் என்பதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் ஆர்வமாகக் கேட்கிற விஷயம் இது. அந்தப் புற ஊதாக் கதிரின் அலைநீளம் 193 நானோமீட்டர். அதன் ஒவ்வொரு ஃபோட்டானிலும், அதாவது ஒளித்துகளிலும், 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது, கார்பன் - கார்பன் பிணைப்பை உடைக்க 3.6 இருந்தாலே போதும். ஆகவே அது திசுவைச் சுடாமல், மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்து மேலடுக்கை ஆவியாக்கி விடுகிறது, பக்கத்துத் திசுவுக்குச் சூடு பரவுவதே இல்லை என்று சொல்லலாம்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலையும் முதுநிலையும் படித்த வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, 1981 நவம்பரில் அவர்கள் ஊரில் நன்றி தெரிவிக்கும் பண்டிகை முடிந்த மறுநாள், மிச்சமிருந்த வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் இந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார். கருகாமல் துல்லியமாக வெட்டுப்பட்டிருந்தது. 1983இல் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து கருவிழியில் இதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுரை வெளியிட்டார்கள். 2013இல் வெள்ளை மாளிகையில் ஒபாமா கையால் அவரும் அவருடைய சகாக்கள் இருவரும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வாங்கினார்கள். நம் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, ஆறுகிற கதைக்கு வருகிறேன்.

விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து மே விடுமுறையில்தான் செய்துகொண்டேன், ஆசிரியர்களுக்கு வேறு எப்போது நேரம் கிடைக்கும். கூலிங் கிளாஸ் போட்டு காரில் கிளம்பினோம். மரத்துப்போகும் மருந்தின் வேகம் வாடிப்பட்டி தாண்டுவதற்குள் போய்விட்டது. அக்னி நட்சத்திர வெயில், கண்ணை மூடியிருந்தும் இமை வழியாகவே வெளிச்சம் குத்துகிறது, மிளகாய்ப் பொடி விழுந்த எரிச்சல், கண்ணீர் தாரை தாரையாக. பி.ஆர்.கே. என்றால் கருவிழியின் மேல்தோலை எடுத்துவிட்டு லேசர் செய்கிறார்கள், அந்தத் தோல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளர்ந்து மூடும் வரை பேண்டேஜ் லென்ஸ் என்று ஒன்றை வைத்துவிடுகிறார்கள். மூட நான்கைந்து நாளாகும். இரண்டாவது நாளும் மூன்றாவது நாளும்தான் மோசம். மாத்திரை போட்டுக்கொண்டு, ஜன்னலில் வேட்டியைக் கட்டி இருட்டாக்கி, அந்த அறையிலேயே கிடந்தேன்.

சொட்டு மருந்து ஒன்றல்ல. கிருமிக்கு ஒன்று, வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒன்று. ஒன்றை விட்டுவிட்டு ஐந்து நிமிடமாவது கழித்துத்தான் அடுத்தது, இல்லாவிட்டால் முதலில் விட்டதை இரண்டாவது கழுவிக்கொண்டு போய்விடும். என் வீட்டுக்காரர் மூடியின் நிறத்தை வைத்து ஒரு அட்டவணை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டி, போனில் அலாரம் வைத்து, கீழ் இமையை இழுத்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். தனியாக ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகள் இதைச் செய்யப்போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மாணவர்கள் கேட்டால் இன்றைக்கும் முதலில் இதைத்தான் கேட்பேன், ஒரு வாரம் கூட இருக்க ஆள் இருக்கிறதா என்று.

என் மாமியார் மறுநாளே நந்தியாவட்டைப் பூ பறித்துவந்து கண்ணில் வைத்துக் கட்டலாம் என்றார்கள். அவர்கள் காலத்தில் கண் எரிச்சலுக்கு அதுதான் மருந்து, பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனால் மேல்தோல் இல்லாத கருவிழி என்பது திறந்த புண், அதில் பூ, தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எது பட்டாலும் கிருமித் தொற்று வந்து கருவிழியே வெள்ளையாகித் தழும்பாகிவிடலாம். எடுத்துச் சொன்னதும் புரிந்துகொண்டார்கள். அதற்கப்புறம் என்னைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் யாராவது கை வைத்தியம் சொன்னால் அவர்களைத் தடுத்ததும் அத்தைதான். நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது, வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதிய ஒரு தாளாவது கையில் கொடுத்தனுப்பலாம். எனக்குக் கொடுத்தது ஆங்கிலத் தாள், நான் படித்துவிடுவேன், என் மாமியார் எப்படிப் படிப்பார்கள்?

பெண்களுக்கு இன்னொன்று. ஆண்கள் செய்துகொண்டால் ஒரு வாரம் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்கிற அதே வீட்டில், பெண் என்றால் மூன்றாம் நாளே "கண்தானே, கைகால் நல்லாத்தானே இருக்கு" என்று அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெங்காயம் நறுக்குவது, மிளகாய் வற்றல் தாளிக்கிற நெடி, விறகடுப்புப் புகை, ஒட்டடை அடிப்பது, எதுவும் கூடாது. தலைக்குக் குளிக்கக்கூடாது, சோப்புத் தண்ணீரோ சீயக்காயோ கண்ணில் இறங்கக்கூடாது. முகத்தை ஈரத்துண்டால் துடைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கண் மை பல வாரங்களுக்கு வேண்டாம். குளம், நீச்சல்குளம் எல்லாம் ஒரு மாதம் ஆகட்டும். மருத்துவர் சொன்ன இந்தக் கட்டுப்பாடுகளை வீட்டு ஆண்களும் காதில் வாங்கிக்கொண்டு, சமையலை ஏற்றுக்கொள்ள வேண்டும். என் வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை என்பது என்னோடு வேலை பார்ப்பவர்கள் சொல்லித் தெரியும்.

அந்த லென்ஸை எடுத்த நாளில்தான் நான் ரொம்ப உடைந்துபோனேன். முதல் நாளில் தெரிந்ததைவிட அன்றைக்குக் குறைவாகத் தெரிந்தது, இட்லிக் கொப்பரை ஆவிக்குள் இருந்து பார்க்கிற மாதிரி எல்லாம் புகை. வளர்ந்து வந்த தோல் நடுவில் வந்து கூடுகிற இடம் மேடாக இருக்கும், அது சமனாகும் வரைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அப்படி அழுதிருக்க மாட்டேன். ஒரு கண் நன்றாகத் தெரியும், இன்னொன்று மங்கும், மறுநாள் மாறிப்போகும். போனில் எழுத்தைப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிந்தது. வீட்டுக்கு வந்த ஒருவர், பணத்தைக் கொட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாயே என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். ஆறிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் தயவுசெய்து யாரும் இப்படிப் பேசாதீர்கள், அந்த வாரங்களில் மனசு ஏற்கெனவே பயந்துபோய்க் கிடக்கும்.

ஜூனில் பள்ளி திறந்தபோது கடைசி பெஞ்சுப் பிள்ளைகளின் முகம் தெரிந்தது, ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே இன்னொரு மங்கலான வரி ஓடியது. இரவில் எதிரே வரும் பேருந்து விளக்கைச் சுற்றி வளையம், அதனால் வண்டி ஓட்டவே இல்லை. மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தால் கண் காய்ந்து உறுத்தும். காலாண்டுத் தேர்வு வரும்போதுதான் இதெல்லாம் அடங்கி, பார்வை நிலைத்தது. இடது கண்ணில் மட்டும் அரை பவர் மிச்சம் இருக்கிறது. பகலில் தெரியாது, இரவில் தூரமாக வண்டி ஓட்டினால் மெல்லிய கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்கிறேன். ஆவி படியும் கண்ணாடி இல்லாமல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

லாசிக் செய்துகொண்டவர்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு முதல் சில மணி நேரம் எரிச்சலும் நீர்வடிதலும் இருக்கும், மறுநாளே தெளிவாகத் தெரிந்துவிடும், விளம்பரத்தில் சொல்வது அவர்களைப் பற்றித்தான். ஸ்மைல் என்று சின்னத் துளை வழியாகச் செய்கிற முறையும் வந்துவிட்டது. ஆனால் மடலை அறுக்கும்போது கருவிழியின் நரம்புகளும் அறுபடுவதால் கண் வறட்சி ஆறு மாதம் வரைகூட நீடிக்கலாம். அதோடு அந்த மடல் ஒட்டிக்கொண்டாலும் பழைய பலத்துக்கு வராது, பலமான அடிபட்டால் வருடங்கள் கழித்தும் நகர்ந்துவிடலாம். கபடி, குத்துச்சண்டை என்று விளையாடுகிற பிள்ளைகள் இதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பற்றி எழுதாமல் விட முடியவில்லை. மெட்ராஸ் ஐ வந்தாலே மருந்துக்கடையில் நாமாக ஏதோ ஒரு சொட்டு வாங்கி விட்டுக்கொள்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. லேசருக்குப் பிறகு, அதிலும் பி.ஆர்.கே.க்குப் பிறகு, அந்த மருந்தை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். சட்டென்று நிறுத்தினால் கருவிழியில் மங்கல் படியலாம், தொடர்ந்து விட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெட்டுப்போகலாம், அது வலியே இல்லாமல் நடக்கும். மறுபரிசோதனைக்குக் கூப்பிடுவது பணம் பிடுங்க என்று நினைத்துப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. அந்த அழுத்தத்தைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள், போங்கள்.

இப்போது இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயம். என் அண்ணன் மகளுக்கு இந்த வருடம் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டில் நேரடியாகச் சொல்லவில்லை, போட்டோ எடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், அப்புறம் யாரோ "இப்பல்லாம் லேசர் இருக்கே" என்றார்கள். அண்ணியும் உடனே பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் விசாரித்துவிட்டார். அங்கே பவர் மட்டும் பார்த்துவிட்டு, முன்பணம் கட்டினால் சலுகை விலை, மற்ற டெஸ்ட்டெல்லாம் ஆபரேஷன் அன்றைக்குக் காலையிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவள் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தை மாற்றியிருக்கும், மென்மையான சாஃப்ட் லென்ஸ் என்றாலே ஒன்றிரண்டு வாரம் கழற்றி வைத்துவிட்டுத்தான் அளவே எடுக்க வேண்டும். அதைக்கூட யாரும் கேட்கவில்லை.

நான் விடாமல் பேசி மதுரைக்குக் கூட்டிப்போனேன். கருவிழி வரைபடத்தில் ஒரு கண்ணின் கீழ்ப்பகுதி மட்டும் கூடுதலாக வளைந்து, அந்த இடமே மெலிந்தும் இருந்தது. கருவிழி கூம்பாகத் துருத்திக்கொண்டு வரும் நோயின் ஆரம்பம், கெரட்டோகோனஸ் என்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே தூசி ஒவ்வாமை அவளுக்கு, எந்நேரமும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பாள், அப்படிக் கசக்குவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. இந்தக் கண்ணில் லேசர் பாய்ச்சி இன்னும் மெலிதாக்கியிருந்தால் கருவிழி வேகமாகத் துருத்தி, கண்ணாடி போட்டாலும் தெரியாத நிலைக்குப் போயிருக்கலாம், சிலருக்குக் கருவிழி மாற்று வரைக்கும் போய்விடுகிறது. லேசர் கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டு, நோய் முற்றாமல் நிறுத்த சி3ஆர் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார்கள். ரைபோஃபிளேவின், அதாவது நாம் சத்து மாத்திரையில் சாப்பிடும் பி2 வைட்டமினைச் சொட்டு சொட்டாகக் கருவிழியில் ஊறவைத்து, அதன்மேல் புற ஊதாக் கதிரைக் காட்டி, உள்ளே இருக்கும் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குவது. ஒரே புற ஊதாக் கதிர்தான், ஓர் அலைநீளத்தில் பிணைப்பை அறுக்கிறது, இன்னொன்றில் பிணைக்கிறது.

வீட்டில் அன்று எல்லோருக்கும் துக்கம். கல்யாணச் சமயத்தில் கண்ணில் குறை இருக்கிறது என்று தெரியவந்ததே என்று அண்ணி அழுதார். நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன், உன் கண் தப்பித்தது, இதில் அழ என்ன இருக்கிறது என்று. மாப்பிள்ளை வீட்டிலும் மறைக்காமல் சொன்னோம், அவர்கள் புரிந்துகொண்டார்கள், கண்ணாடியோடுதான் மணமேடையில் உட்கார்ந்தாள், அழகாகத்தான் இருந்தாள்.

பெற்றோர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், கல்யாணத் தேதியை வைத்து இந்தச் சிகிச்சைக்குத் தேதி குறிக்காதீர்கள். எல்லாச் சோதனையும் சரியாக இருந்தாலும்கூட, ஆறு மாத இடைவெளியாவது விடுங்கள். ஆறாத கண்ணோடு ஓமப் புகையில் உட்கார வைப்பது, மை, மேக்கப், வீடியோ விளக்கு, தூக்கமில்லாத இரவுகள், இதெல்லாம் தேவையா? பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும், கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவர் ஏறி இறங்கும் என்பதால் அப்போது செய்யக்கூடாது. கண்ணாடி போட்ட பெண்ணை வேண்டாம் என்று சொல்கிற வீட்டுக்காக ஒரு பெண் தன் கருவிழியை அறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது.

வேலைக்குத் தயார் செய்யும் பிள்ளைகளுக்கு: ரயில்வேயில் லோகோ பைலட் பணிக்கு லேசர் செய்தவர்களை எடுப்பதில்லை. ராணுவம், விமானப்படையில் வயது, செய்து எவ்வளவு காலம் ஆயிற்று, கருவிழி எவ்வளவு மிச்சம் என்று தனித்தனி விதிகள். கண்ணாடி இருந்தால் வேலை கிடைக்காது என்று அவசரப்பட்டுச் செய்துவிட்டு, செய்த காரணத்தாலேயே வாய்ப்பை இழந்துவிடக்கூடாது, அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள். செலவு சில பத்தாயிரங்களில் தொடங்கி முறைக்கு ஏற்ப லட்சத்தைத் தாண்டும். மருத்துவக் காப்பீட்டில் 7.5 பவருக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பணம் வராது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியவே தெரியாது. லேசர் மாற்றுவது கருவிழியின் வளைவை மட்டும்தான். நீண்ட கண் நீண்ட கண்ணாகவேதான் இருக்கும், ஆகவே விழித்திரை விலகும் ஆபத்தும் அப்படியே இருக்கும். கண்ணாடி போய்விட்டது என்பதற்காக வருடாந்திரப் பரிசோதனையை நிறுத்தக்கூடாது. கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள் மிதப்பது, திரை இறங்குவது என்று எது வந்தாலும் அன்றைக்கே ஓட வேண்டும். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்தும் எல்லோரையும் போல நமக்கும் வரும்.

அந்தப் பரிசோதனைத் தாள்கள் இருக்கின்றனவே, அவற்றைத் தொலைக்காதீர்கள். வயதானபின் கண்புரை வந்து லென்ஸ் வைக்கும்போது, எந்தப் பவர் லென்ஸ் என்று கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். லேசர் செய்த கண்ணில் அந்தக் கணக்கு தப்பிவிடும். பழைய அளவுகள் கையில் இருந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். கருவிழி மெலிந்திருப்பதால் கண்ணின் அழுத்தமும் கருவியில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், லேசர் செய்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். என் தாள்களை நில பத்திரம் இருக்கும் அதே பையில் வைத்திருக்கிறேன், போட்டோ எடுத்து மகனுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

நான் வேண்டுவது இவ்வளவுதான். மருத்துவமனைகள் கருவிழி வரைபடத்தையும் தடிமன் அளவையும் லேசர் எடுத்த மைக்ரான் கணக்கையும் கேட்காமலேயே நோயாளி கையில் கொடுக்க வேண்டும். ஆறும் காலத்தைப் பற்றித் தமிழில் அச்சிட்ட தாள் தர வேண்டும். முழுப் பரிசோதனை முடியாமல் முன்பணம் வாங்குவதையும் தேதி கொடுப்பதையும் நிறுத்த வேண்டும், அதைக் கண்காணிக்க வேண்டியது சுகாதாரத்துறை. தங்கள் நாளிதழ் இந்த விளம்பரங்களை வெளியிடும்போது, யார் யார் செய்யக்கூடாது, ஆற எத்தனை நாளாகும் என்ற இரண்டு வரியையும் சேர்த்துத் தரும்படி விளம்பரதாரர்களிடம் கேட்கலாம். முகூர்த்த மாதத்துக்கு முன்னால் வரும் ஒரு ஞாயிறு இணைப்பில் கருவிழி மருத்துவர் ஒருவரிடம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் வாங்கிப் போட்டால் பெரிய உதவி. கேள்விகளை நானே என் மாணவிகளின் தாய்மார்களிடமிருந்து சேகரித்து அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.